கிளவுட்ஸ்ட்ரீட் நாவல்: ஓரியல் ஏன் வீட்டுக்குள் படுப்பதில்லை?

மழைக்காகிதம்:

வணக்கம். டிம் விண்டனின் ‘கிளவுட்ஸ்ட்ரீட்’ நாவலை நேற்று இரவு இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். ஒரு கேள்வி மனதில் வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. அதனால்தான் இந்த இழை. முடிவு வரை பேசப் போகிறேன், படிக்காதவர்கள் யோசித்து உள்ளே வாருங்கள்.

கதை நடப்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில், 1943 தொடங்கி இருபது வருஷம். சாம் பிக்கிள்ஸ் ஒரு விபத்தில் வலது கை விரல்களை இழக்கிறான். கொஞ்ச நாளில் அவனுடைய உறவினர் ஜோயல் இறந்துபோய், பெர்த்தில் ஒரு பெரிய பழைய வீட்டையும் 2000 பவுண்டு பணத்தையும் அவனுக்கு எழுதி வைக்கிறார். இருபது வருஷத்துக்கு வீட்டை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. பணத்தைச் சாம் குதிரைப் பந்தயத்தில் தொலைக்கிறான். வேறு வழியில்லாமல் பாதி வீட்டை வாடகைக்கு விடுகிறான். அங்கே குடிவருகிறது லாம்ப் குடும்பம்: லெஸ்டர், ஓரியல், ஆறு பிள்ளைகள். அவர்களுடைய மகன் ஃபிஷ், இறால் பிடிக்கப் போன இரவில் வலைக்கு அடியில் சிக்கித் தண்ணீரில் மூழ்கிவிட்டான். ஓரியல் அவன் நெஞ்சைக் குத்திக் குத்தி உயிரை மீட்டாள். ஆனால் பாதிப் பிள்ளைதான் திரும்பி வந்தது. அறிவு குழந்தையாகவே நின்றுவிட்டது. மீதிப் பாதி தண்ணீரிலேயே தங்கிவிட்டது.

இனி என் கேள்வி. அந்த வீட்டைத் தூக்கி நிறுத்துகிறவள் ஓரியல். முன்பக்கத்தில் கடை திறப்பது, பிள்ளைகளை விரட்டி வேலை வாங்குவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அவள்தான். அப்படிப்பட்டவள் ஒரு நாள் கொல்லையில் கூடாரம் அடித்துக்கொண்டு போய்விடுகிறாள். பகலில் வீட்டு வேலை, இரவில் கூடாரம். வருஷக்கணக்கில் இப்படியே. ஏன்?

என் பதில் இது. அவளை அந்த வீடு ஏற்கவில்லை. அந்த வீட்டில் முன்பு ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி இருந்தாள். பழங்குடிச் சிறுமிகளைக் கொண்டுவந்து வைத்து ‘நாகரிகப் பெண்’களாக மாற்றப் பார்த்தாள். தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்தப் பிள்ளைகள் இரவெல்லாம் அழுதார்கள். ஒருத்தி எறும்பு மருந்தைக் குடித்துச் செத்தாள். அப்புறம் சீமாட்டியும் பியானோ மேலேயே விழுந்து செத்தாள். ஜன்னல் இல்லாத அந்த நூலக அறையில் இரண்டு பேருடைய ஆவியும் இருக்கிறது. மற்றவர்கள் ஏதோ சங்கடம் என்று ஒதுங்கிப் போகிறார்கள். ஓரியல் மட்டும் அதை மதித்து வெளியே போகிறாள் என்று எனக்குப் படுகிறது.

தமிழில் ‘சொந்தம்’ என்று ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம். வீடும் சொந்தம், மனிதரும் சொந்தம். இந்த நாவலில் அந்த இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. பத்திரம் சாம் பெயரில் இருக்கிறது, வீட்டைக் கட்டி ஆளுகிறவள் குடிக்கூலி கொடுக்கிற ஓரியல், அதற்கு முன்னால் அந்த மண் இன்னொருவருடையது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழையநூலகன்:

நல்ல கேள்வி அம்மா. நான் இந்த நாவலை வந்த புதிதில், தொண்ணூறுகளில் படித்தேன். 1991-இல் வெளிவந்து அடுத்த வருஷம் மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது வாங்கியது. ஆஸ்திரேலிய இலக்கியத்தில் அது பெரிய விருது. விண்டன் அதை நான்கு முறை வாங்கியிருக்கிறார்.

எனக்கு வீட்டைவிடக் கத்தி முக்கியம். லாம்ப் வீட்டில் எந்தக் குழப்பம் வந்தாலும் மேஜையில் கத்தியைச் சுழற்றிவிட்டு, அது யாரைக் காட்டுகிறதோ அதன்படி நடப்பார்கள். சாமுக்கு வேறு நம்பிக்கை. அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒரு நிழல் மாதிரி வந்து தொடும், அது கடவுளின் மயிர் முளைத்த கை என்பான். ஒரு குடும்பம் உழைப்பை நம்புகிறது, இன்னொன்று அதிர்ஷ்டத்தை. உழைப்பை நம்புகிற குடும்பமும் கடைசியில் கத்தியைச் சுழற்றித்தான் முடிவெடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருக்கிற தடுப்பு எவ்வளவு மெல்லியது என்பதை விண்டன் அங்கேயே காட்டிவிடுகிறார்.

தறி:

ஐயா சொன்னதில் தப்பில்லை. ஆனால் மழைக்காகிதம் தொட்ட இடத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது. எனக்கு இந்த நாவலின் மேல் ஒரு பெரிய வருத்தம் உண்டு. சொல்லிவிடுகிறேன்.

சாமின் மகள் ரோஸும் லாம்ப் வீட்டுக் குயிக்கும் கல்யாணம் செய்கிறார்கள். அவர்களுடைய குழந்தை ஹாரி அந்த ஆவிகள் இருக்கும் அறையிலேயே பிறக்கிறான். குழந்தை பிறந்ததும் ஆவிகள் மறைந்துவிடுகின்றன. வீடு மூச்சு விடுகிறது. எல்லாருக்கும் நிம்மதி. படிக்கும்போது நானும் நெகிழ்ந்தேன், மறுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் உறைத்தது. அந்தச் சிறுமிக்கு என்ன ஆயிற்று? அவள் அந்த அறையில் செத்ததற்கு யார் பதில் சொன்னார்கள்? ஒரு வெள்ளைக் குழந்தை பிறந்தால் அவள் கணக்கு தீர்ந்துவிடுமா? இரண்டு வெள்ளைக் குடும்பம் ஒன்று சேர்ந்து ஒரு வாரிசு பெற்றதும் வீடு அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது என்றால், சிறுமியைக் கொன்ற வீட்டுக்கு அவள் வெறும் தொந்தரவு என்றுதானே ஆகிறது?

அவளுக்குப் பெயர்கூட இல்லை. நாவலில் அவ்வப்போது வந்து வழி சொல்லிவிட்டுப் போகிற அந்தப் பழங்குடி மனிதருக்கும் பெயர் இல்லை. ஊர் திரும்பும் வழியைக் குயிக்குக்குக் காட்டுகிறார். வீட்டை விற்காதே என்று சாமிடம் சொல்கிறார். அவருக்கு ஒரு வீடு உண்டா, பிள்ளைகள் உண்டா? ஒன்றும் தெரியாது. மற்றவர்களின் குடும்பத்தைக் காப்பாற்றுவது மட்டும்தான் அவருக்கு வேலை.

ஸ்வான்கரை:

நான் பெர்த்தில் இருக்கிறேன், செவிலியர் வேலை, பதினோரு வருஷம் ஆகிறது. தறி எழுதியதைப் படித்துவிட்டு இரவுப் பணி முடிந்து வந்து இதை எழுதுகிறேன்.

முதலில் சில விவரம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1905-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி பதினாறு வயது வரைக்கும் ஒவ்வொரு பழங்குடிக் குழந்தைக்கும் சட்டப்படியான காப்பாளர் தலைமைப் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரிதான். பெற்ற தாய்க்கு உரிமை இல்லை. பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய் 1918-இல் தொடங்கிய மூர் ரிவர் குடியிருப்பு மாதிரி இடங்களில் வைத்தார்கள். பெண் பிள்ளைகளை வெள்ளைக்காரர் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். ஆகவே நாவலில் வருகிற அந்தச் சீமாட்டி வெறும் கற்பனைக் கொடுமைக்காரி இல்லை. அன்றைக்கு அதை நல்ல காரியம் என்று நம்பிச் செய்த வீடுகள் இங்கே நிறைய.

இன்னொன்று. 1927 முதல் 1954 வரை பெர்த் நகர மையம் பழங்குடி மக்களுக்குத் தடை செய்யப்பட்ட பகுதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் அவர்கள் உள்ளே வரக் கூடாது. நாவல் 1943-இல் தொடங்குகிறது இல்லையா? அதாவது சாம் ஜாலியாகப் பந்தயத்துக்குப் போகிற, அவன் மனைவி டாலி மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிற முதல் பதினோரு வருஷம் முழுவதும் இந்தத் தடை நடைமுறையில் இருந்தது. இங்கே தென்மேற்கில் இருக்கிற பழங்குடி மக்கள் நூங்கார்கள், பெர்த் நிலம் அவர்களில் வாஜுக் பிரிவினருடையது. தங்கள் சொந்த ஊருக்குள் நுழையச் சீட்டு! நான் தினமும் ரயிலில் வந்து இறங்கி நடக்கிற தெருக்கள் அவை. இந்த விஷயம் தெரிந்த பிறகு அந்தப் பெயரில்லாத மனிதர் நாவலுக்குள் வருகிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் மாயமாக வந்து மாயமாகப் போவதை மந்திரம் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. எங்கேயும் நிற்க விடாத ஊரில் ஒருவர் எப்படித் தோன்றி மறைய முடியுமோ, அப்படித்தான் அவர் வருகிறார்.

ஸ்வான் ஆற்றுக்கு அவர்கள் மொழியில் டெர்பார்ல் யெரிகன் என்று பெயர். வாகில் என்ற பெரும் பாம்பு ஊர்ந்த தடம்தான் ஆறு என்பது அவர்கள் நம்பிக்கை. நாவலில் ஆறுதான் எல்லாமாக இருக்கிறது. ஃபிஷ் ஏங்குவது தண்ணீருக்கு, கதை தொடங்குவதும் ஃபிஷ்ஷின் கதை முடிவதும் ஆற்றங்கரையில். ஆனால் ஆற்றின் பழைய பெயர் மட்டும் எங்கும் வரவில்லை என்பது என் நினைவு. யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

பழையநூலகன்:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி ஸ்வான்கரை. அந்தத் தடைப்பகுதி எனக்குத் தெரியாது. படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

இருந்தாலும் தறிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாவல் வந்தது 1991. மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1992 ஜூன் 3. வெள்ளைக்காரன் வருவதற்கு முன் இந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்ற சட்டக் கதையை அந்தத் தீர்ப்புதான் உடைத்தது. பிரிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 1997-இல் வந்தது. நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2008-இல். இதற்கெல்லாம் முன்னால், பொதுமக்கள் விரும்பிப் படிக்கிற ஒரு குடும்பக் கதையின் நட்டநடு அறையில் அந்தச் சிறுமியின் பிணத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் விண்டன். முடிவில் கை நழுவியிருக்கலாம். ஆனால் அறையைத் திறந்து காட்டியது பெரிய காரியம்.

அதோடு குயிக்கின் பகுதியை மறக்க வேண்டாம். அவன் போலீஸில் சேர்கிறான். நகரமே ஒரு கொலைகாரனுக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குகிறது. 1963-இல் பெர்த்தில் உண்மையாகவே அப்படி ஒரு பயம் இருந்தது. எரிக் கூக் என்ற அந்த மனிதனை 1964-இல் ஃபிரீமேண்டில் சிறையில் தூக்கில் போட்டார்கள், அந்தச் சிறையின் கடைசித் தூக்கு அதுதான். நாவலில் குயிக் ஆற்றிலிருந்து ஒரு சிறுவனின் உடலை எடுக்கிறான். அது அந்தக் கொலைகாரனுடைய மகன். தண்ணீரில் மூழ்கிய தன் தம்பி நினைவுக்கு வருகிறான். அதுவரை ‘அவர்கள்’ என்று பேசிக்கொண்டிருந்த குயிக்குக்கு அதன் பிறகு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. எல்லாரும் நாம்தான் என்கிறான். சொந்தம் என்பதன் எல்லையை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிற நாவல் இது.

தறி:

சரி ஐயா, அந்த இடம் எனக்கும் பிடித்த இடம். ஆனால் கொலைகாரனைக்கூட ‘நாம்’ ஆக்க முடிந்த நாவலால் அந்தச் சிறுமியை ஏன் ‘நாம்’ ஆக்க முடியவில்லை? அவளை விடுதலை செய்து அனுப்பிவிடுகிறது. அனுப்புவதும் வெளியே துரத்துவதும் அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதானே. காலம் அப்படி என்பதை ஏற்கிறேன். வருத்தம் வருத்தமாகவே இருக்கட்டும்.

கோதை:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. படித்துவிட்டுப் போய்விடுவேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பிக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டான். இப்போது அவனுக்கு முப்பத்தி நான்கு. பேச்சு மூன்று வயதுப் பிள்ளையுடையது. நல்ல சிரிப்பு. பக்கத்து வீட்டு ரேடியோவில் மேளம் கேட்டால் ஓடிப்போய் வாசலில் நிற்பான். அதனால் ஃபிஷ் வருகிற பக்கங்களை நான் ஒரே மூச்சில் படிக்கவே இல்லை. நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன்.

நீங்கள் எல்லாரும் ஆவி, நிலம் என்று பேசுகிறீர்கள், எல்லாம் சரி. ஆனால் ஒரு சின்ன விஷயம் யாரும் சொல்லவில்லை. தண்ணீரிலிருந்து வந்த பிறகு ஃபிஷ்ஷுக்கு அப்பாவைத் தெரிகிறது, குயிக் என்றால் உயிர், அக்காமாரையும் தெரிகிறது. அம்மாவை மட்டும் தெரியவில்லை. ஓரியல் எதிரே நின்றாலும் அவன் பார்ப்பதில்லை, அவள் கூப்பிட்டாலும் அவன் காதில் விழுவதில்லை. அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். அவன் போக ஆசைப்பட்ட இடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

மழைக்காகிதம் அக்கா, அவள் ஏன் கூடாரத்துக்குப் போனாள் என்று கேட்டீர்கள். பெற்ற பிள்ளை தன்னைக் காணாத வீட்டில், பக்கத்து அறையில், ஒரு தாய் எத்தனை இரவு படுத்திருப்பாள்?

ஸ்வான்கரை:

கோதை, இதை எழுதியதற்கு நன்றி. வார்டில் இப்படிப்பட்ட அம்மாக்களைப் பார்க்கிறேன். பிள்ளை பிழைத்துவிட்டது என்று எல்லாரும் கையைப் பிடித்துச் சொல்வார்கள். அவர்கள் முகத்தில் வேறு ஒன்று ஓடும். ஓரியலின் முகத்தை நான் இனிமேல் அப்படித்தான் கற்பனை செய்வேன்.

மழைக்காகிதம்:

கோதை, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கடைசி நாற்பது பக்கத்தை இன்று மதியம் திரும்பப் படித்தேன். நான் முதலில் எழுதியது தப்பு என்று நினைக்கிறேன்.

வரிசையைப் பாருங்கள். ஹாரி பிறக்கிறான், ஆவிகள் போகின்றன, வீடு அமைதியாகிறது. அந்தச் சிறுமிக்காகத்தான் ஓரியல் வெளியே இருந்தாள் என்றால் அன்றைக்கே அவள் உள்ளே வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூடாரத்திலேயே இருக்கிறாள். அப்புறம் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஆற்றங்கரைக்கு விருந்துக்குப் போகிறார்கள். அங்கேதான் ஃபிஷ் தண்ணீருக்குள் போகிறான். இத்தனை வருஷம் காத்திருந்த தன் மறு பாதியோடு சேர்ந்துவிடுகிறான். இந்தக் கதை முழுவதையும் சொன்னது அவன்தான் என்று அங்கே முழுசாகப் புரிகிறது. உயிரோடு இருந்தவரை நாலு வார்த்தை கோக்க முடியாத பிள்ளை, அந்த ஒரு கணத்தில் முழு மனிதனாகி, இருபது வருஷக் கதையையும் சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் கூடாரம் இறங்குகிறது.

ஆக அவளை வெளியே வைத்தது வீடு இல்லை. அவன்தான். அவன் போன பிறகுதான் அவளால் வீட்டுக்குள் போக முடிகிறது. இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் புத்தகம் அப்படித்தான் வைத்திருக்கிறது.

தறியின் வருத்தத்துக்கும் இதில் ஒரு வழி இருப்பதாகப் படுகிறது, முழுப் பதிலாக இல்லாவிட்டாலும். ஆவிகள் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாவல் முடிந்திருந்தால் அது மோசடி. ஆவிகள் போன பிறகும் ஒரு பெண் கொல்லையில் குளிரில் படுத்திருக்கிறாள். வீடு சுத்தமானதால் யாருக்கும் சொந்தம் கிடைத்துவிடவில்லை.

பழையநூலகன்:

இந்த வரிசையை நான் இத்தனை வருஷத்தில் கவனித்ததே இல்லை. குயிக்கும் ஃபிஷ்ஷும் படகில் இரவில் ஆற்றின் மேல் வருகிற காட்சி நினைவிருக்கிறதா? மேலே நட்சத்திரம், தண்ணீரிலும் நட்சத்திரம், எது வானம் எது ஆறு என்று தெரியாது. தண்ணீர் அவனுக்குச் சாவு இல்லை, வீடு என்பதை அந்தக் காட்சி முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஓரியல் அவனை எதிலிருந்து காப்பாற்றினாள் என்ற கேள்வியை இப்போது மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

தறி:

மழைக்காகிதம் சொன்ன வரிசையை நானும் பார்த்தேன். சரிதான். சிறுமியைப் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது, ஆனால் நாவலைப் பார்த்துக் கேட்ட கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஓரியலுக்கு அந்தச் சிறுமியின் அம்மாவைப் பற்றி ஒரு தடவையாவது யோசனை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையை இழந்த இன்னொரு தாய், அதே வீட்டின் கதையில், எங்கோ மூர் ரிவர் பக்கம் காத்திருந்திருப்பாள். அவளுக்குப் பக்கமே ஒதுக்கப்படவில்லை.

கோதை:

தறி அண்ணா, இதை யாராவது ஒரு நூங்கார் எழுத்தாளர் எழுதியிருப்பார்கள், எழுதுவார்கள். அதைப் படிக்க வேண்டும் எனக்கு.

நேற்று இரவு சாப்பிட்ட பிறகு அம்மாவிடம் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். தம்பி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். மூழ்கியதைச் சொன்னேன், அம்மாவை மட்டும் தெரியாமல் போனதைச் சொன்னேன். கூடாரத்தைச் சொல்லும்போது அம்மா தம்பியின் போர்வையைச் சரி செய்தார். முடிவைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன், அவரே ‘அப்புறம்?’ என்றார். சொன்னேன். ஓரியல் கூடாரத்தைப் பிரிக்கப் போனதையும், வீட்டின் மறுபாதியில் இருக்கிற டாலி வந்து மறுமுனையைப் பிடித்து இரண்டு பேருமாக மடித்ததையும், திறந்து கிடந்த கதவு வழியாக உள்ளே போனதையும் சொன்னேன்.

அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘மறுமுனையைப் பிடிக்க ஒரு பொம்பளை வந்தாளே, அவள் யார்? அவளுக்கு என்ன கதை?’ என்று கேட்டார். டாலியின் கதை சின்னதா என்ன? அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தவளே தன்னைப் பெற்றவள் என்று தெரிந்துகொண்டவள், தன் மகளிடம் அதைச் சொல்ல அரை ஆயுள் எடுத்துக்கொண்டவள், செல்ல மகன் டெட்டைப் பறிகொடுத்தவள். மணி பத்தரை ஆகிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே டாலியை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.